காமாக் கதிர் வெடிப்பு நடந்த கேலக்ஸியை ரேடியோவில் அளப்பது எப்படி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் இறங்கினால் பெரும்பாலும் உங்களுக்குக் கிடைக்கப்போவது ஒரு வெற்றுப் படம்தான். மணிக்கணக்கில் டெலஸ்கோப் நேரம் வாங்கி, வாரக்கணக்கில் கணினியில் உட்கார்ந்து, கடைசியில் வெடிப்பு நடந்த இடத்தில் வெறும் இரைச்சல். அதைப் பார்த்து மனசு உடைகிற ஆளாக இருந்தால் வேறு தலைப்பு எடுங்கள். அந்த வெறுமையையும் ஒழுங்காக அளந்தால் அது ஒரு முடிவுதான் என்று ஒப்புக்கொள்ளத் தயாராக இருந்தால் மேலே படியுங்கள்.

இதை ஏன் செய்கிறோம் என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். காமாக் கதிர் வெடிப்பு என்பது தூரத்துக் கேலக்ஸி ஒன்றிலிருந்து திடீரென வந்து மறையும் காமாக் கதிர் மின்னல். அதில் இரண்டு விநாடிக்கு மேல் நீடிக்கும் நீண்ட வகையில் பெரும்பாலானவை பெரிய நட்சத்திரங்களின் சாவு. பெரிய நட்சத்திரங்களுக்கு ஆயுசு குறைவு, பிறந்த இடத்துக்கு அருகிலேயே செத்துவிடும். ஆகவே வெடிப்பு எங்கே நடக்கிறதோ அங்கே நட்சத்திரங்கள் இப்போது பிறந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். அந்தக் கேலக்ஸியைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பார்த்தால் பெரும்பாலும் சின்னதாக, நீலமாக இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தூசு தின்றுவிடும். சில வெடிப்புகளில் எக்ஸ் கதிர் பின்னொளி (வெடிப்புக்குப் பிறகு மெல்ல மங்கும் ஒளி) பளிச்சென்று இருக்கும், ஒளியியல் பின்னொளி மட்டும் இருக்காது. 'இருண்ட வெடிப்பு' என்று பெயர் வைத்திருக்கும் இந்த வகையில் பலவற்றுக்கும் தூசுதான் காரணம். தூசுக்குப் பின்னால் எவ்வளவு நட்சத்திரப் பிறப்பு ஒளிந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், தூசு மறைக்காத அலைநீளத்துக்குப் போக வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, சூடான தூசே வெளியிடும் சப்மில்லிமீட்டர் ஒளி. இன்னொன்று, சூப்பர்நோவா எச்சங்கள் முடுக்கிவிட்ட எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று தரும் ரேடியோ ஒளி. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றி, ஏனென்றால் நான் கை வைத்தது அதில்தான்.

எதை எடுப்பது, எதை விடுவது

நேரம் கேட்டு விண்ணப்பம் எழுதும் முன் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். செம்பெயர்ச்சி (ஒளியின் அலைநீளம் வழியில் எவ்வளவு நீண்டது என்ற அளவு, எண் பெரிதானால் தூரமும் பெரிது) 1-ல் இருக்கும் ஒரு கேலக்ஸி ஆண்டுக்கு 100 சூரிய நிறை அளவுக்கு நட்சத்திரங்களை உருவாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான ரேடியோ உறவையும், அதிர்வெண் கூடக்கூட மைனஸ் 0.75 அடுக்கில் குறையும் நிறமாலையையும் எடுத்துக்கொண்டால், 3 ஜிகாஹெர்ட்ஸில் நமக்கு வந்து சேர்வது சுமார் 20 மைக்ரோஜான்ஸ்கி (ரேடியோ பிரகாசத்தை அளக்கும் மிகச் சின்ன அலகு). அதே கேலக்ஸியைச் செம்பெயர்ச்சி 2-க்குத் தள்ளினால் வெறும் 4. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் இருக்கும் விஎல்ஏ ரேடியோ டெலஸ்கோப், 25 மீட்டர் டிஷ் 27 வைத்துக்கொண்டு, இலக்கின் மேலேயே ஒரு மணி நேரம் நின்றால் அந்த அலைவரிசையில் இரைச்சல் ஏறக்குறைய 5 மைக்ரோஜான்ஸ்கி இருக்கும். மூன்று மணி நேரம் நின்றால் 3. அதன் மும்மடங்கான 9-ஐக் கண்டுபிடிப்பின் எல்லையாக வைத்தால், செம்பெயர்ச்சி 1-ல் ஆண்டுக்கு 45 சூரிய நிறைக்குக் கீழே எதுவும் தெரியாது. செம்பெயர்ச்சி 2-ல் 225-க்குக் கீழே எதுவும் தெரியாது. சாதாரண கேலக்ஸி ஆண்டுக்கு ஐந்தோ பத்தோ போடும். ஆக, நாம் தேடுவது சாதாரணக் கேலக்ஸியை அல்ல, தூசுக்குள் பிரமாண்டமாக எரியும் அசுரனை. இந்தக் கணக்கைப் போடாமல் செம்பெயர்ச்சி 3 வரை இலக்குப் பட்டியல் நீட்டி விண்ணப்பிக்கிறவர்கள் உண்டு. பரிசீலனைக் குழுவில் இருப்பவர்களுக்கும் இதே கணக்குத் தெரியும்.

இலக்கைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது மூன்று விஷயம். செம்பெயர்ச்சி உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். இடம் ஒரு வில்விநாடிக்குள் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) தெரிந்திருக்க வேண்டும். ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் எக்ஸ் கதிர்க் கருவி தருவது ஓரிரு வில்விநாடி வட்டம், அது மட்டும் இருந்தால் எனக்குத் திருப்தி வராது. ஒளியியல் அல்லது ரேடியோ பின்னொளி எங்கே தெரிந்தது என்பது வேண்டும். மூன்றாவது, வெடிப்பு நடந்து எத்தனை ஆண்டு ஆகிறது. இந்த மூன்றாவதைத்தான் நிறையப் பேர் அலட்சியம் செய்கிறார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஊர்ப் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது: "நம்ம ஊட்டி டெலஸ்கோப்பில் முடியாதா?" முடியாது. 530 மீட்டர் நீளம், மலைச் சரிவையே சாய்மானமாகப் பயன்படுத்திக் கட்டிய அற்புதமான கருவிதான், ஆனால் 326.5 மெகாஹெர்ட்ஸில் அது பார்க்கும் வானத்துண்டு பெரிது, அதற்குள் உங்கள் கேலக்ஸியும் அக்கம்பக்கத்து நூறு கேலக்ஸிகளும் ஒன்றாகக் கலந்துவிடும். அதைக் கட்டிய கோவிந்த் ஸ்வரூப் பிற்பாடு புனேவுக்கு வடக்கே நாராயண்காவ் பக்கம் கட்டிய ஜிஎம்ஆர்டி வேறு கதை. 45 மீட்டர் டிஷ் 30, அதிகபட்சம் 25 கிலோமீட்டர் இடைவெளி. அதைப் பற்றிக் கடைசியில்.

டேட்டா எடுப்பதும் சுத்தம் செய்வதும்

விஎல்ஏ டிஷ்களைத் தண்டவாளத்தில் நகர்த்தி ஏ, பி, சி, டி என்று நான்கு அமைப்புகளில் வைப்பார்கள், ஒவ்வொன்றும் சுமார் நான்கு மாதம். 3 ஜிகாஹெர்ட்ஸில் பி அமைப்பு இரண்டு வில்விநாடி பீம் (படத்தில் பிரித்துப் பார்க்கக்கூடிய மிகச் சிறிய பொட்டின் அகலம்) தரும், சி ஏழு. நான் பி-யைத்தான் கேட்பேன். ஏ-யில் போனால் கூர்மை நன்றாக இருக்கும், ஆனால் ஒரு வில்விநாடி அகலம் உள்ள கேலக்ஸியின் ஒளி பல பீம்களில் சிதறி, மங்கலானது இன்னும் மங்கலாகும். சி-யில் போனால் பக்கத்துக் கேலக்ஸி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

டேட்டா வந்த பிறகு ஃப்ளக்ஸ் (நமக்கு வந்து சேரும் ஒளி) அளவுக்கு, பிரகாசம் நன்றாகத் தெரிந்த மூலங்களான 3சி286 அல்லது 3சி48, ரேடியோ அலைகளின் கட்டத் திருத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு புள்ளி மூலம், எல்லாம் வழக்கம்போல. காசா மென்பொருளின் பைப்லைன் முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். அதை நம்பி அப்படியே படம் போட்டுவிடாதீர்கள். 2.3 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் செயற்கைக்கோள் வானொலியின் தொல்லை இருக்கும், ஒவ்வொரு ஆன்டெனாவாகப் பார்த்துக் கெட்டதை வெட்டி எறியுங்கள். சலிப்பான வேலைதான், காதில் பாட்டைப் போட்டுக்கொண்டு செய்யலாம்.

படம் போடும்போது உங்கள் இலக்கைச் சுற்றி ஒரு சின்னச் சதுரம் மட்டும் போட்டால் போதும் என்று தோன்றும். போதாது. 3 ஜிகாஹெர்ட்ஸில் ஒரு டிஷ் பார்க்கும் வட்டம் 15 வில்நிமிட அகலம். அதற்குள் எங்கேயாவது ஒரு பளிச்சென்ற குவேசார் (கருந்துளையால் ஒளிரும் தூரத்துக் கேலக்ஸியின் நடுப்பகுதி) இருந்தால், அதன் பக்கக்கோடுகள் படம் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி பரவும். அந்த வட்டம் முழுவதையும், அதற்கு வெளியே இருக்கும் பளிச்சென்ற சிலவற்றையும் சேர்த்துச் சுத்தம் செய்தால்தான் நடுவில் இருக்கும் மைக்ரோஜான்ஸ்கி கணக்கு சரியாக வரும்.

இதில் நான் ஒரு தடவை நன்றாக மூக்குடைபட்டேன். ராத்திரி இரண்டு மணி, படம் முடிந்து திரையில் வந்தது, வெடிப்பு நடந்த இடத்தில் அழகாக ஒரு பொட்டு, இரைச்சலைப் போல நான்கு மடங்கு. எழுந்து போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தேன், சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. சரி, சும்மா இருப்பானேன் என்று, ஆன்டெனா ஜோடிகளின் டேட்டாவுக்கு எடைபோடும் அளவை மட்டும் கொஞ்சம் மாற்றி மறுபடியும் படம் போட்டேன். பொட்டு ஒரு பீம் தள்ளிப் போய் நின்றது. மூன்றாவது தடவை மாற்றினால் இன்னும் தள்ளி. வண்ண அளவை இழுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஆறு வில்நிமிடம் தள்ளி இருந்த ஒரு மூலத்திலிருந்து மெல்லிய கோடு ஒன்று சரியாக என் இலக்கைத் தாண்டிப் போகிறது, என் 'கேலக்ஸி' அந்தக் கோட்டின் ஒரு மேடு. அன்றிலிருந்து எடையை மூன்று விதமாக மாற்றிப் பார்க்காமல் எந்தப் பொட்டையும் நான் நம்புவதில்லை. டேட்டாவை நேரத்தில் பாதி, அதிர்வெண்ணில் பாதி என்று வெட்டியும் பார்ப்பேன். உண்மையான மூலம் எல்லாப் பாதியிலும், மங்கலாகவாவது, அதே இடத்தில் இருக்கும்.

இரைச்சலின் மும்மடங்கு போதுமா என்று கேட்பீர்கள். இடம் துல்லியமாகத் தெரிந்தால் போதும் என்று சொல்லலாம், ஏனென்றால் வெறும் இரைச்சல் ஒரே இடத்தில் அந்த உயரத்துக்கு எகிறுவது சுமார் 740-ல் ஒரு தடவை. ஆனால் எக்ஸ் கதிர் வட்டத்துக்குள் ஐந்து பீம் இருந்து, அதில் எங்கே பொட்டு இருந்தாலும் ஏற்றுக்கொள்வேன் என்றால், முப்பது கேலக்ஸி பார்த்ததும் 150 சீட்டு எடுத்த மாதிரி. ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு, பட்டியலில் ஒன்று பொய்யாக இருக்க. இடம் சரியாகத் தெரியாதபோது நான்கு, நாலரைக்குக் கீழே நான் வாயைத் திறப்பதில்லை.

பொட்டு உண்மைதான் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம்?

இங்கேதான் இந்தத் துறையே ஒரு தடவை ஏமாந்தது. 2000-களின் தொடக்கத்தில், ஸ்விஃப்ட் வருவதற்கு முன்பு, சில வெடிப்புகளின் கேலக்ஸிகள் ரேடியோவிலும் சப்மில்லிமீட்டரிலும் தெரிந்ததாக அறிக்கைகள் வந்தன. ஜிஆர்பி 980703-ன் (ஜிஆர்பி என்றால் காமாக் கதிர் வெடிப்பு, எண் அது தெரிந்த ஆண்டு, மாதம், நாள்) கேலக்ஸி, செம்பெயர்ச்சி 0.966, ஆண்டுக்கு ஏறக்குறைய 500 சூரிய நிறை உருவாக்குகிறது என்று கணக்கு வந்தது. ஒளியியலில் பார்த்தால் அவ்வளவு பெரிய அசுரனாகத் தெரியவில்லை. ஆக எல்லாம் தூசுக்குள் ஒளிந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். பல ஆண்டு கழித்து, மேம்படுத்திய விஎல்ஏ-வை வைத்து அந்த மாதிரி ஐந்து இடங்களை மறுபடியும் பார்த்தார்கள், முடிவு 2017-ல் வந்தது. நான்கு இடத்தில் ஒன்றுமே இல்லை. 980703-ல் மட்டும் ஏதோ இருந்தது, ஆனால் முன்னைவிட மிகவும் மங்கி, கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 80 சூரிய நிறைதான். அந்த இடத்தில் முன்பு கேலக்ஸி என்று எண்ணியதில் பெரும்பங்கு வெடிப்பின் சொந்தப் பின்னொளி.

ரேடியோ பின்னொளி அவ்வளவு சீக்கிரம் அடங்காது என்பதை மனதில் வைத்திருங்கள். எக்ஸ் கதிரும் ஒளியும் நாள், வாரக் கணக்கில் மங்கும். ரேடியோ மாதக் கணக்கில், பளிச்சென்ற வெடிப்பு என்றால் ஆண்டுக் கணக்கில் இழுக்கும். ஜிஆர்பி 030329-ஐ மூன்று ஆண்டுக்கு மேலாகவும் ரேடியோவில் பின்தொடர முடிந்தது. ஆகவே வெடித்து இரண்டு ஆண்டுதான் ஆகிறது என்றால் அந்த இலக்கை நான் தொடவே மாட்டேன். ஐந்து, பத்து ஆண்டு ஆனதை எடுங்கள். அதிலும் பொட்டு கிடைத்தால், ஒரு வருடமாவது விட்டு மறுபடியும் அதே அமைப்பில், அதே அதிர்வெண்ணில் பாருங்கள். கேலக்ஸி மங்காது. மங்கினால் அது கேலக்ஸி இல்லை, அவ்வளவுதான். இரண்டாவது நேரம் கிடைக்காது என்று நினைத்தால் பழைய டேட்டாவைத் தேடுங்கள். விஎல்ஏ காப்பகத்தில் ஓராண்டுத் தனியுரிமைக் காலம் முடிந்ததும் டேட்டா எல்லோருக்கும் திறந்துவிடும், பின்னொளியைத் துரத்தியவர்கள் அன்று எடுத்தது பெரும்பாலும் அங்கேயே கிடக்கும்.

அடுத்த கேள்வி, இது சரியான கேலக்ஸியா. இதற்கு ஜிஆர்பி 020819பி-யைவிட நல்ல பாடம் கிடையாது. பின்னொளி இருந்த இடம், செம்பெயர்ச்சி 0.41-ல் இருக்கும் அழகான சுருள் கேலக்ஸி ஒன்றின் ஓரத்தில் விழுந்தது. வீடு அதுதான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சிலியில் இருக்கும் ஆல்மா என்ற சப்மில்லிமீட்டர் டெலஸ்கோப்பைத் திருப்பி, கார்பன் மோனாக்சைடு மூலக்கூறின் 345.8 ஜிகாஹெர்ட்ஸ் கோட்டை அந்தச் செம்பெயர்ச்சிக்கு ஏற்ப 245 பக்கத்தில் தேடினார்கள். கேலக்ஸியின் நடுவில் வாயு தெரிந்தது, வெடிப்பு நடந்த இடத்தில் தூசு தெரிந்தது, வாயு மட்டும் தெரியவில்லை. மூலக்கூறு வாயு குறைந்த இடத்தில்தான் இந்த வெடிப்புகள் நடக்கின்றனவோ என்ற யோசனை 2014-ல் அச்சேறியது. அப்புறம் 2017-ல் விஎல்டி என்ற பெரிய ஒளியியல் டெலஸ்கோப்பின் நிறமாலையில் பார்த்தால், சுருளுக்கும் வெடிப்புக்கும் சம்பந்தமே இல்லை. சுருள் நமக்கு முன்னால் வழியில் நிற்கிறது, உண்மையான வீடு அதற்கு வெகு பின்னால் செம்பெயர்ச்சி 1.96-ல் இருக்கும் கச்சிதமான, தூசு நிறைந்த கேலக்ஸி. அதன் கார்பன் மோனாக்சைடு கோடு 245-ல் எப்படித் தெரியும்? அது விழுவது 117 பக்கம். வாயு இல்லாமல் போகவில்லை, நிலையம் மாற்றி வைத்து வானொலி கேட்ட கதை.

அதனால் செம்பெயர்ச்சி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பின்னொளியின் நிறமாலையில் உறிஞ்சு கோடுகளாக வந்திருந்தால் நிம்மதி. பக்கத்தில் இருந்த கேலக்ஸியைக் காட்டி "இதுதான் போல" என்று வந்திருந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். ஒளியியல் படத்தின் ஆயத்தொலைவுகளை கையா செயற்கைக்கோள் துல்லியமாக இடம் குறித்த நட்சத்திரங்களோடு பொருத்திவிட்டு ரேடியோவோடு ஒப்பிடுங்கள். பழைய படங்களில் ஒரு வில்விநாடி விலகல் சர்வசாதாரணம், அந்த ஒரு வில்விநாடியில் வேறு கேலக்ஸி உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு ஆளும் இருக்கிறார், நடுவில் இருக்கும் கருந்துளை. ரேடியோ ஒளி நட்சத்திரப் பிறப்பிலிருந்து வராமல் அதிலிருந்து வரலாம். இரண்டு அதிர்வெண்ணில் அளந்து சரிவு பாருங்கள். மைனஸ் 0.7, 0.8 என்று வந்தால் சாதாரணம், தட்டையாக வந்தால் சந்தேகப்படுங்கள்.

ஃப்ளக்ஸை நட்சத்திரப் பிறப்பாக மாற்றும்போது

1.4 ஜிகாஹெர்ட்ஸ் ஒளிர்வை 6.35-ஐப் பத்தின் மைனஸ் 29-ஆம் அடுக்கால் பெருக்கி வரும் எண்ணால் பெருக்கினால் ஆண்டுக்கு எத்தனை சூரிய நிறை என்று வரும். ஒளிர்வு, விநாடிக்கு, ஹெர்ட்ஸுக்கு இத்தனை எர்க் என்ற அலகில் இருக்க வேண்டும், செம்பெயர்ச்சியின் விளைவை நீக்கிக் கேலக்ஸியின் சொந்தச் சட்டகத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். வரும் எண்ணை இரண்டு மடங்கு அங்கே இங்கே இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ரேடியோ ஒளி சூப்பர்நோவாக்கள் வெடித்த பிறகுதான் வரும், கடந்த சில கோடி ஆண்டுகளின் சராசரி மாதிரி. வெடிப்பு நடக்கும் கேலக்ஸிகளில் சில இப்போதுதான் வேகம் எடுத்தவை, அவற்றில் ரேடியோ இன்னும் எட்டிப் பிடித்திருக்காது. வெற்றுப் படத்தை வைத்துக்கொண்டு "தூசுக்குள் ஒன்றுமே இல்லை" என்று அடித்துச் சொல்ல நான் தயங்குவது இதனால்தான்.

சப்மில்லிமீட்டரில் ஒரு சௌகரியம் உண்டு. கேலக்ஸி தூரம் போகப் போக ஒளி மங்கும், ஆனால் தூசு நிறமாலையின் உச்சி நாம் பார்க்கும் அலைநீளத்தை நோக்கி நகர்ந்து வரும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் 850 மைக்ரானில் செம்பெயர்ச்சி 1-க்கு மேல் வெகுதூரம் வரை அளவு ஏறக்குறைய மாறாது. ரேடியோ கைவிடும் இடத்தில் இது கைகொடுக்கும். ஹவாயில் 15 மீட்டர் ஜேசிஎம்டி டெலஸ்கோப்பில் இருந்த ஸ்கூபா கேமரா காலத்தில் பீமே 15 வில்விநாடி, யாருடைய ஒளி என்று பிரிக்க முடியாது. ஆல்மா வந்த பிறகு அந்தக் கவலை இல்லை. ஆனால் தூசின் வெப்பநிலை தெரியாமல் ஒரே அலைநீளத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 30 கெல்வின் என்று வைத்ததை 45 என்று மாற்றினால் மொத்த ஒளிர்வு ஐந்தாறு மடங்கு எகிறும்.

ஜிஎம்ஆர்டி பற்றிச் சொல்கிறேன் என்றேனே. தூரத்துக் கேலக்ஸியைத் தொடர் ஒளியில் (ஒரு கோடாக இல்லாமல் எல்லா அதிர்வெண்ணிலும் பரவிய ஒளியில்) பிடிக்க விஎல்ஏ-வே மேல். அது ஜெயிக்கும் இடம், பக்கத்தில் இருக்கும் கேலக்ஸிகளின் ஹைட்ரஜன் வாயு, 21 சென்டிமீட்டர் கோடு. ஜிஆர்பி 980425 நடந்த கேலக்ஸி செம்பெயர்ச்சி 0.0085-ல் இருக்கிறது, இந்த உலகத்தில் அது அடுத்த தெரு. அதன் ஹைட்ரஜனை ஜிஎம்ஆர்டி பிடித்தது, 2015-ல் வெளிவந்தது. கோடு விழுவது 1408 மெகாஹெர்ட்ஸ். அந்தக் கேலக்ஸி தென்வானில் மைனஸ் 53 டிகிரிக்குக் கிட்டே இருப்பதால், நாராயண்காவிலிருந்து பார்த்தால் உச்சத்துக்கு வரும்போதே அடிவானத்திலிருந்து 18 டிகிரிதான் ஏறியிருக்கும்; டிஷ்கள் கிட்டத்தட்டத் தலையைத் தரையில் வைத்துப் பார்த்திருக்கின்றன. இந்த மாதிரிப் பக்கத்து வெடிப்பு கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் மிக அபூர்வம்.

முடிவை எழுதும்போது "தெரியவில்லை, 9-க்குக் கீழே" என்று மட்டும் போடாதீர்கள். அந்த இடத்தில் படத்தில் என்ன எண் இருந்தது, இரைச்சல் எவ்வளவு, இரண்டையும் கொடுங்கள், உதாரணமாக 2.1, கூட்டல் கழித்தல் 3.0 என்று. பின்னால் யாராவது முப்பது வெற்றுப் படங்களைச் சேர்த்துச் சராசரி எடுக்க நினைத்தால் அவர்களுக்கு அந்த 2.1 வேண்டும். கூடவே வெடித்த எத்தனையாவது நாளில் பார்த்தீர்கள் என்பதற்குத் தனி நெடுவரிசை, செம்பெயர்ச்சி பின்னொளியிலிருந்து வந்ததா கேலக்ஸியிலிருந்து வந்ததா என்பதற்கு இன்னொன்று. 980703-ஐயும் 020819பி-யையும் மறுபடியும் தோண்டியவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது இந்த இரண்டும்தான்.